கருமெருகு

கரிய நிறத்தைக் கண்ணாடிபோல் ஒளிரச் செய்தல் மரவேலையின் அரிய பகுதிகளுள் ஒன்று. பியானோ என்னும் மேனாட்டு இசைக்கருவியின் உடலிலும், உயர்ந்த மோட்டார் வண்டியின் பக்கங்களிலும், பர்மா நாட்டுப் பேழைகளிலும் இவ்வொளியைக் காணலாம். அருகில் நிற்பவர் முகம் அவற்றில் தெரியும். எதிரேயுள்ள சாளரத்தின் கம்பிகள் கோடு பிறழாமல் தெரியும். இவ்வொளி எங்கிருந்து வருகிறது? வண்ணம் அடைத்த தகரக் குப்பியிலிருந்து வருகிறது என்பதே பலருடைய எண்ணம். விலை மிகுந்த வண்ணத்தை வாங்கிப் பூசினால் ஒளியும் உடன் வந்துவிடும் என்று அவர்கள் கருதுவர். அக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதை, ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றைச் செய்து முடிக்கும் முறையை ஆராய்ந்தால் நன்கு தெளியலாம்.

விருதுநகர் மாவட்டத்தில், இராசபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கி அமைந்த ஊர் மம்சாபுரம். அவ்வூர் இளைஞன் ஒருவன் பாட்டுக் கேட்பதற்காகத் தன் கையாலேயே இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் செய்ய விரும்புகிறான் என்று கொள்க. ஒலிபெருக்கிக்குப் பெட்டி எதற்கு? ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே அசையும்போது முன்புறக் காற்று நெருங்குகிறது. பின்புறக் காற்று நெகிழ்கிறது. பெட்டி இல்லையெனில் இவ்விரு அலைகளும் ஒன்றோடொன்று கலந்து, தாழ்ந்த சுருதிகளை அழித்துவிடும். பின்னலையைத் தனியே அடக்கி வைப்பதே பெட்டியின் வேலை. ஆகவே பலகை அதிராமலும், மூட்டுகளில் காற்றுக் கசியாமலும் இருத்தல் வேண்டும். மரத்தை நாராக அரைத்துப் பிசினுடன் சேர்த்து அழுத்திய எம்.டி.எஃப். என்னும் மர இழைப் பலகை, 18 மில்லிமீட்டர் கனத்தில், இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. பெட்டி செய்து முடிந்ததும் அதற்குக் கரிய மெருகிட இளைஞன் விழைகிறான். அவனுடைய உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

மெருகு என்பது யாது என்பதை முதலில் அறிதல் நன்று. ஒளி ஒரு பரப்பின்மேல் விழுந்து இருவகையாகத் திரும்புகிறது. பரப்பு, காற்றில்லா வேளையில் கண்மாய் நீர் போலச் சமமாக இருப்பின், கதிர்கள் விழுந்த கோணத்துக்கு ஒத்த கோணத்திலேயே ஒழுங்காகத் திரும்பும். அப்போது உருவம் தெரியும். பரப்புக் கரடாக இருப்பின் கதிர்கள் பல திசைகளிலும் சிதறும். அப்போது வெளிச்சம் தெரியுமேயன்றி உருவம் தெரியாது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ளது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால், அவற்றுள் ஒரு கூறே ஒரு நானோமீட்டர். பரப்பிலுள்ள மேடுபள்ளங்கள் இவ்வலைநீளத்தினும் மிகச் சிறியனவாக இருந்தால்தான் அது கண்ணாடிபோல் விளங்கும்.

இங்கே வியப்பான செய்தி ஒன்று உண்டு. பூச்சின் மேற்பரப்பு, தன்மேல் நேராக விழும் ஒளியில் நூற்றில் 4 பங்கு அளவையே ஒழுங்காகத் திருப்புகிறது. வெள்ளைப் பூச்சாயினும் கரிய பூச்சாயினும் இவ்வளவில் பெரிய வேறுபாடு இல்லை. அங்ஙனமாயின் கரிய பூச்சில் மட்டும் முகம் தெளிவாகத் தெரிவது ஏன்? வெள்ளைப் பூச்சினுள் புகுந்த ஒளியின் பெரும்பகுதி சிதறி மீண்டும் வெளிவருகிறது. அந்த வெள்ளத்தில் நான்கு பங்கும் மூழ்கிப் போகிறது. கரிய பூச்சோ உட்புகுந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. எஞ்சுவது ஒழுங்காகத் திரும்பிய நான்கு பங்கு மட்டுமே. பகலிலும் விண்மீன்கள் வானத்தில் உள்ளன. ஆயினும் இரவின் இருளிலேயே அவை கண்ணுக்குத் தெரிகின்றன. அதுபோன்றதே இதுவும்.

இதனால் விளையும் இடரும் உண்டு. கருமை முகத்தைத் தெளிவாகக் காட்டுவதுபோலவே குறையையும் தெளிவாகக் காட்டும். வெள்ளைப் பூச்சின்மீது கண்ணுக்குத் தோன்றாத சிறு பள்ளம், கரிய மெருகின்மீது சாளரக் கம்பியை வளைத்துக் காட்டும். ஆணி அறைந்த தடம், பலகை சேர்ந்த கோடு, உப்புத்தாளின் கீறல் ஆகிய அனைத்தும் வெளிப்படும். கருமை அழுக்கை மறைக்கும் என்று உலகியலில் கூறுவர். ஒளிரும் கருமையோ எதனையும் மறைப்பதில்லை.

மேற்பரப்பு அடிப்பரப்பைப் பின்பற்றும் என்பதற்குச் சிறந்த சான்று செட்டிநாட்டில் உள்ளது. ஆத்தங்குடியில் தரைக்கற்கள் செய்வோர், சமமான கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, அதில் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றுகின்றனர். அதன் பின்புறத்தே மணலும் சிமெண்டும் இட்டு நிரப்புகின்றனர். கல் இறுகியபின் கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்கையில், கண்ணாடியைத் தொட்டிருந்த முகம் பளபளவென்று மின்னுகிறது. சிமெண்டுக்குத் தனியே ஒளி இல்லை; அது கண்ணாடியின் சமநிலையைக் கற்றுக்கொள்கிறது. மரப்பெட்டிக்கு அவ்வாறு அச்சாக அமையும் கண்ணாடி இல்லை. ஆதலால் தச்சன் தன் கையாலேயே அச்சமநிலையை உண்டாக்க வேண்டும்.

முதல் வேலை துளைகளை அடைத்தல். தேக்கு முதலிய மரங்களில், அம்மரம் உயிருடன் இருந்தபோது நீர் ஏறிய நுண்குழல்கள் வாய் திறந்து நிற்கும். அவற்றை அடைக்காமல் பூசினால், வண்ணம் உலர்ந்து சுருங்குந்தோறும் அக்குழல்கள் புள்ளிகளாகத் தோன்றும். மர இழைப் பலகையின் முகத்தில் இக்குழல்கள் இல்லை. எனினும் அறுத்த விளிம்பில் அதன் இழைகள் பஞ்சுபோல் வாய் விரித்து நிற்கின்றன. முகம் ஒரு மடங்கு வண்ணத்தைக் குடித்தால் விளிம்பு பல மடங்கு குடிக்கும். ஆகவே விளிம்புகளுக்கு முதலில் அரக்குக் கரைசலையோ, நீர் கலந்து இளக்கிய மரப்பசையையோ பூசி, உலர்ந்தபின் தேய்த்து, அதன் தாகத்தைத் தணித்தல் வேண்டும். ஆணிக்குழிகளையும் இடுக்குகளையும் பட்டி இட்டு நிரப்புதல் வேண்டும். பட்டி உலர்கையில் சுருங்குமாதலால், சற்று மேடாகவே இட்டுப் பின்னர்த் தேய்த்துச் சமமாக்குவர்.

இரண்டாவது வேலை மூலைகளையும் மூட்டுகளையும் பேணுதல். கூரிய மூலையில் ஈர வண்ணம் தங்குவதில்லை. அது இருபுறமும் விலகி மெலிந்துவிடும். பின்னர்த் தேய்க்கும்போது அடிமரம் முதலில் தலைகாட்டுவது அங்கேயே. எனவே மூலைகளை மூன்று மில்லிமீட்டர் அளவேனும் உருட்டிவிடுவது அறிவுடைமை. மூட்டுகளின் இடர் இதனினும் நுட்பமானது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில் பலகை சிறிது பருக்கிறது. கோடையில் சிறிது ஒடுங்குகிறது. இரு பலகைகள் கூடும் இடத்தில் அசைவு ஒத்திராமையால், பூசியபோது புலப்படாத கோடு சில திங்களுக்குப் பின் மெருகின்மேல் மயிரிழைபோல் எழுந்து நிற்கும். நன்கு உலர்ந்த பலகையைத் தேர்தலும், பசை முற்றிலும் இறுகும்வரை நாள்கணக்கில் பொறுத்தலும், பெட்டியின் உட்புறத்துக்கும் பூச்சிட்டு ஈரம் புகாமல் காத்தலும் இவ்விடரைக் குறைக்கும் வழிகளாகும்.

மூன்றாவது வேலை தேய்த்தல். கடைகளில் பிரைமர் என்று விற்கப்படும் முதற்பூச்சு, மரத்தையும் வண்ணத்தையும் பிணைப்பதோடு, தேய்த்துச் சமமாக்குவதற்கு வேண்டிய கனத்தையும் தருகிறது. உப்புத்தாளின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள எண் உயர உயர அதன் மணிகள் சிறுத்துக்கொண்டே போகும். 120ஆம் எண் தாளின் மணி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. 2000ஆம் எண் தாளின் மணி நூற்றில் ஒரு பங்கு. மரத்தை 120, 180, 240 என்றும், முதற்பூச்சை 320, 400 என்றும் படிப்படியாகத் தேய்ப்பர். ஒவ்வொரு தாளும் தனக்கு முன்வந்த தாளின் கீறல்களை அழித்துத் தன்னுடைய சிறிய கீறல்களை விட்டுச் செல்கிறது. ஒரு படியைத் தாண்டிக் குதித்தவன், பழைய கீறலைப் புதிய கீறலுக்கடியில் புதைத்து வைக்கிறான். கரிய வண்ணம் ஏறியதும் அது மீண்டும் தோன்றும்.

தேய்க்கையில் தாளைத் தட்டையான கட்டையின்மேல் சுற்றிப் பிடித்தல் வேண்டும். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரலின் தடமே பள்ளமாகிவிடும். பள்ளத்தைக் கண்டறிய ஓர் எளிய உபாயம் உண்டு. வெளிறிய முதற்பூச்சின்மேல் வேறு நிறத்தை மெல்லிய தூவலாகப் படியவிட்டு, அதன்பின் தேய்ப்பர். மேடான இடங்களில் அந்நிறம் உடனே அழியும். பள்ளங்களில் மட்டும் தங்கி நிற்கும். தங்கிய இடத்தில் மீண்டும் பட்டியோ முதற்பூச்சோ இட்டு, மறுபடியும் தேய்த்தல் வேண்டும். நிறம் ஒருங்கே அழியும்வரை இவ்வேலை மூன்று முறையும் நான்கு முறையும் நிகழலாம். இவ்வளவு செய்தும் பெட்டியில் ஒரு துளிக் கருமையும் ஏறவில்லை. காண்பவர், வேலை இன்னும் தொடங்கவில்லை என்றே எண்ணுவர்.

இனிப் பூச்சின் வகைகளைக் காணலாம். பண்டை நாள்முதல் இந்தியாவில் மரத்துக்கு மெருகு தந்த பொருள் அரக்கு. பலாசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் தம் உடலிலிருந்து சுரக்கும் பிசினே அரக்காகும். அதனைத் தூய்மை செய்து சாராவியில் கரைத்து, துணியில் பொதிந்த பஞ்சால் நூறு முறை மெல்லெனத் தேய்த்து ஏற்றுவதே பிரெஞ்சு மெருகு எனப்படுவது. ஒலிக்கும் அரக்குக்கும் வேறோர் உறவும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுக் காலம் உலகெங்கும் பாடிய கிராமபோன் தட்டுகள் அரக்கும் கல்தூளும் புகைக்கரியும் கலந்து செய்யப்பட்டவையே. அவற்றின் கருமை புகைக்கரி தந்தது. இன்றைய கரிய வண்ணங்களிலும் பெரும்பாலும் அக்கரியே நிறம் தருகிறது.

கருமெருகில் பெரும்புகழ் பெற்றவர்கள் கீழை நாட்டினர். பர்மாவில் தித்சி என்னும் மரத்தின் பாலை, மூங்கிலால் முடைந்த பேழைகளின்மேல் பூசுவர். முதலில் அப்பாலுடன் சாம்பல் முதலியவற்றைக் குழைத்து மூங்கிலின் இடைவெளிகளை அடைப்பர். பின்னர் மெல்லிய பூச்சுகளைப் பல முறை ஏற்றி, ஒவ்வொன்றையும் நிலவறையில் நாள்கணக்கில் வைத்து இறுக விடுவர். வணிகத்தின் பொருட்டுப் பர்மா சென்ற நகரத்தார் இத்தகைய பேழைகளைச் செட்டிநாட்டுக்குக் கொண்டுவந்தனர். சப்பானியரின் உருசி என்னும் மரப்பாலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இவ்வகைப் பால் வெயிலில் உலர்வதன்று. ஈரமான காற்றிலேயே நன்கு இறுகும். அப்பாலிலுள்ள ஒரு நொதியே காற்றிலுள்ள ஆக்சிசனைக்கொண்டு அதனை இறுகச் செய்கிறது என்பதை யோசிதா என்னும் சப்பானிய அறிஞர் 1883இல் விளக்கினார். விரைவு என்பது இக்கலைஞர்கள் அறியாத சொல். ஒரு பேழை முடியப் பல திங்கள் ஆகும்.

மேனாட்டில் இயந்திரத் தொழில் பெருகியபோது இப்பொறுமைக்கு இடமில்லாமற் போயிற்று. ஃபோர்டு நிறுவனம் 1914 முதல் 1925 வரை தன் புகழ்பெற்ற டி வகை மோட்டார் வண்டிகளைக் கரிய நிறத்திலேயே செய்து விற்றது. 1920-களில் நைட்ரோசெல்லுலோசு என்னும் விரைந்துலரும் பூச்சு வந்தபின், வண்ணம் உலரும் காலம் நாள்கணக்கிலிருந்து மணிக்கணக்காகக் குறைந்தது. இன்று இளைஞனுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மூவகைப் பூச்சுகள். எனாமல், காற்றிலுள்ள ஆக்சிசனைக் கொண்டு மெல்ல இறுகுவது. நைட்ரோசெல்லுலோசு, தன்னிலுள்ள தின்னர் ஆவியாவதால் விரைவில் உலர்வது. இரு பகுதிகளைக் கலந்து பூசும் பாலியூரித்தேன், வேதிவினையால் கடினமாவது. இவற்றுள் எதுவாயினும் ஒரே பூச்சில் கனமாக ஏற்றுதல் கூடாது. கனத்த பூச்சு ஒழுகும். மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாக நிற்கும். மயிரிழையின் கனத்தினும் மெல்லிய பூச்சாகப் பல முறை ஏற்றுதலே முறை. கருமைக்குமேல் நிறமற்ற பூச்சுகள் சில ஏற்றினால், இறுதியில் தேய்க்கும்போது கருமைக்கு ஊறு நேராது.

பூசும் நாளையும் இடத்தையும் தேர்ந்துகொள்ளுதல் இன்றியமையாதது. ஆடி மாதத்தில் மலைப்பக்கமிருந்து வீசும் காற்று, தெருப்புழுதியை வீட்டினுள் கொண்டுவந்து சேர்க்கும். மழைக்காலத்திலோ வேறோர் இடர் உண்டு. தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்புக் குளிர்கிறது. குளிர்ந்த செம்பின் புறத்தே நீர் துளிர்ப்பதுபோல ஈரம் அதன்மேல் படிகிறது. கரிய மெருகு சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துவிடுகிறது. ஆதலால் மழையும் பெருங்காற்றும் இல்லாத மாசி, பங்குனித் திங்களின் காலைப் பொழுது ஏற்றது. தரையில் நீர் தெளித்துத் தூசியை அடக்குதல் வேண்டும். இராசபாளையம் நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்றது; அதனையடுத்த சத்திரப்பட்டி, மருத்துவமனைகளில் காயத்துக்குக் கட்டும் வலைத்துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. அவ்வலைத்துணியை இரண்டு மூன்று மடிப்பாக இட்டு வண்ணத்தை வடிகட்டினால் கட்டியும் கசடும் நீங்கும். ஆனால் அதே பஞ்சின் இழை ஒன்று ஆடையிலிருந்து உதிர்ந்து ஈரப் பூச்சில் விழுமாயின் அது புழுப்போல் கிடந்து கண்ணை உறுத்தும். பொருளொன்றே ஓரிடத்தில் துணையாகவும் மற்றோரிடத்தில் பகையாகவும் அமைகிறது.

பூசி முடித்தபின் செய்யத்தக்க கடினமான வேலை, ஒன்றும் செய்யாமலிருப்பதே. தொட்டால் ஒட்டாத பூச்சு, உள்ளே இறுகிவிட்டது என்று கொள்ளலாகாது. எனாமல் முழுதும் இறுக ஒரு திங்களோ அதற்கு மேலோ ஆகும். அதற்கு முன் தேய்த்து மெருகேற்றினால், அன்று கண்ணாடிபோல் தோன்றும்; பின்னர்ப் பூச்சுச் சுருங்குந்தோறும் அடியிலுள்ள கீறல்கள் ஒவ்வொன்றாக மேலெழும். பல நாள் உழைப்பைச் சில நாள் அவசரம் விழுங்கிவிடும். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழிக்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

நன்கு இறுகியபின், நீரில் நனைத்த 1000, 1500, 2000 எண் தாள்களால் மெல்லத் தேய்ப்பர். அப்போது பெட்டி ஒளியெல்லாம் இழந்து கரும்பலகைபோல் மங்கிவிடும். முதன்முறை செய்பவன் தன் வேலை கெட்டுவிட்டது என்று அஞ்சுவான், அஞ்ச வேண்டுவதில்லை. எலுமிச்சைத் தோல்போல் புள்ளி புள்ளியாக நின்ற மேடுகள் தேய்ந்து சமமாயின என்பதற்கு அம்மங்கலே அடையாளம். பின்னர் மெருகுப் பசையை மென்துணியில் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க, மங்கலுக்குள்ளிருந்து ஒளி எழும். குழல்விளக்கு ஒன்றை எதிரே ஏற்றிவைத்து அதன் உருவத்தை நோக்கினால் வேலையின் தரம் விளங்கும். உருவம் அலையலையாக நெளிந்தால் அடிப்பரப்பில் குறை. நேராக நின்றும் புகைபடிந்தாற்போல் தோன்றினால் மெருகில் குறை. நேராகவும் கூர்மையாகவும் நின்றால் வேலை நிறைவு.

இவ்வழகுக்காக எவரும் தம் உயிர்மூச்சை விலையாகத் தருதல் ஆகாது. மர இழைப் பலகையின் நுண்தூள் நுரையீரலில் தங்கும் தன்மையது. தேய்க்கும்போது முகமூடி அணிதல் வேண்டும். தின்னரின் ஆவி தலைச்சுற்றலை விளைவிப்பதோடு எளிதில் தீப்பற்றவும் செய்யும்; அடுப்போ விளக்குச் சுடரோ அருகில் இருத்தலாகாது. இரு பகுதிப் பாலியூரித்தேனின் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட் என்னும் பொருள், தெளிக்கும்போது மூச்சில் கலந்தால் நீங்காத இரைப்பு நோயைத் தரவல்லது. தூய காற்றைக் குழாய்வழியே தரும் முகக்கவசமும் தனி அறையும் உடைய தொழிற்கூடங்களுக்கே அது உரியது. வீட்டு முற்றத்துக்கு உரியதன்று. மம்சாபுரத்து இளைஞன் எனாமலை மென்தூரிகையால் பூசி, நாள் பல பொறுத்திருந்து தேய்த்தாலே போதும். மெருகு சிறிது தாமதமாக வரும், உடல்நலம் கெடாது.

இறுதியில் பெட்டி கூடத்தில் வைக்கப்படுகிறது. காண்பவர் அதன் கருமையைப் புகழ்வர். எக்கடையில் வாங்கிய வண்ணம் என்று வினவுவர். வண்ணம் பூசியது சில மணி நேரமே. அடைத்ததும் தேய்த்ததும் காத்திருந்ததும் பல வாரங்கள். அவ்வாரங்களின் உழைப்பு முழுவதும் கருமைக்கடியில் மறைந்து கிடக்கிறது. அதனை எவரும் காண்பதில்லை. எனினும், அந்த உழைப்பில் ஒரு படி குறைந்திருந்தாலும் அக்குறையைக் காணாதவர் இரார். கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் செம்மையாகச் செய்பவனுடைய வேலையே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒளிவிடும் என்பதைக் கருமெருகு காட்டுகிறது.